மருதடியில் கேட்காமல் போன குலவை

முத்தையா,

இதைக் கையில் கொடுத்தால் என் எதிரிலேயே பிரிப்பாய். ரெண்டு வரி படித்துவிட்டுச் சிரிப்பாய். அதனால் உன் டிரங்குப் பெட்டியில் புதுச் சட்டைகளுக்கு அடியில் வைத்துவிடப் போகிறேன். திங்கட்கிழமை நீ திருவேங்கடத்துப் பக்கம் போய் போலீஸ் ஸ்டேஷன் பொறுப்பை வாங்கிக்கொண்ட பிறகு எப்போதாவது உன் கண்ணில் படட்டும். எழுத உட்கார்ந்து இது நாலாவது தடவை. காலையிலிருந்து எழுந்து எழுந்து போகிறேன். கோவிலின் மொட்டைக் கோபுரம் வரை நடந்துவிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் நின்று, போகப்போகாத ஊர்களுக்கெல்லாம் பஸ் நேரம் விசாரித்துவிட்டு வந்தேன். சாரல் விட்டபாடில்லை. உன் துணி காயவில்லை என்று அம்மா அடுப்படியில் கொடி கட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். "ஒரு எடத்துல இரிங்களேன். புள்ளதான வேலைக்குப் போறான், நீங்களா போறிய?" என்று கேட்டாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

முந்தாநாள் மத்தியானம் சாப்பிடும்போது நீ ஒன்று சொன்னாய். "அங்கன ஊரே வாயத் தொறக்க மாட்டேங்காம்ப்பா. களத்துல கதிரு எரியுது, எவன் வச்சான்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கான். போன ஒடனே நாலு பேரத் தூக்கி உள்ள வச்சு மிதிச்சா, அஞ்சாவது ஆளு தன்னால சொல்லுவான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நான் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன். வயிறு சரியில்லை என்றேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது. நீ சொன்ன அந்த வாக்கியத்தை, ஒரு எழுத்து மாறாமல், உன்னைப் போல சப்-இன்ஸ்பெக்டராக இருந்தபோது நானும் சொல்லியிருக்கிறேன். சொன்னதோடு நிற்கவும் இல்லை.

நீ மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் நாம் மருதடியில் இருந்தோம். உனக்கு அந்த ஊரில் ஓடையும் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த புளியமரமும்தான் நினைவிருக்கும். ஊர் மலைக்கு ஒட்டியே இருந்தது. எனக்குக் கீழே செல்லையா என்று ஒரு ஏட்டும் நாலு கான்ஸ்டபிள்களும். ஒரே ஒரு சைக்கிள். மலைக்குள் ஆறேழு பேர் கொண்ட ஒரு கூட்டம் இருந்தது. அதற்குத் தலைவனாக இருந்தவன் முன்பு மலைக்கு அந்தப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவன். ஊரில் அவனைக் கங்காணி என்றே சொன்னார்கள். மலையின் இரண்டு பக்கத்துத் தடமும் அவனுக்கு உள்ளங்கை மாதிரி. பட்டப்பகலில், மாடுகள் அடிவாரத்தில் மேயும்போது இறங்குவார்கள். மேய்ப்பவனை மரத்தில் கட்டிவிட்டு மாடுகளைக் கணவாய் வழியாக ஓட்டிப்போவார்கள். செங்கோட்டைப் பக்கம் அப்போது திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தது. எல்லையைத் தாண்டிவிட்டால் என் தொப்பிக்கு அங்கே மதிப்பில்லை. நான் வெறும் வழிப்போக்கன். மாடு போனவன் வாயைத் திறந்தால் ஒரு வாரத்துக்குள் அவன் வைக்கோல் படப்பு எரியும். படப்பு எரிந்தால் மிச்ச மாடும் பட்டினி. அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

கந்தையா என்று ஒரு சம்சாரி. தன் ஏர்மாடு இரண்டையும் மீட்கப் போகிறேன் என்று தனியாக மலையேறினான். கெண்டைக்காலில் வெட்டு வாங்கிக்கொண்டு திரும்பினான். நான் அவன் வீட்டு வாசலில் நின்று, யார் வெட்டினார்கள் என்று அதட்டினேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், "தடுக்கி வுழுந்தேன் ஐயா. எங் கையில இருந்த அருவாதான் பட்டுட்டு" என்றான். அன்று சாயந்திரமே அவனையும் இன்னும் மூன்று பேரையும் ஸ்டேஷனுக்கு வரவழைத்து, புளியமரத்தடியில் மணிக்கணக்காக நிற்க வைத்தேன். வெட்டுப்பட்ட காலோடு அவன் நின்றான். ஒரு வார்த்தை வரவில்லை. திருட்டுக்கூட்டத்துக்குப் பயந்து பேசாமல் இருந்த ஊர், எனக்கும் பயந்து இன்னும் கொஞ்சம் பேசாமல் போனது, அவ்வளவுதான். திருநெல்வேலியிலிருந்து ரிசர்வ் போலீஸ் வந்து மூன்று நாள் மலையில் அலைந்துவிட்டு, அட்டைக்கடியோடு திரும்பிப் போனார்கள்.

ஊர் என்னோடு பேச ஆரம்பித்தது உன் அம்மா வழியாக. மாடத்தி என்று ஒருத்தி விறகு கொண்டுவருவாள், உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உயரமாக, கறுப்பாக இருப்பாள். தலைச்சுமையோடு வந்தாலும் வாசலில் நின்று உன்னை ஒரு வார்த்தை வம்புக்கு இழுக்காமல் போகமாட்டாள். புருஷன் இல்லாதவள். அடிவாரத்தில் விறகு பொறுக்கி, பாதியை ஊரிலும், சீசன் நாளில் மீதியைக் குற்றாலத்துச் சாப்பாட்டுக் கடைகளிலும் விற்றுப் பிழைத்தாள். உன் அம்மா அவளை உட்கார வைத்து நீராகாரம் கொடுப்பாள், இருவரும் அடுப்படி வாசலில் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் அதைக் கவனித்ததே இல்லை. ஒருநாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள்: "மாடத்தி இன்னிக்கு ஒரு பேச்சு சொன்னா. மேலக் கரட்டுல புதுசா அடுப்பு மூட்டின சாம்பல் கெடக்காம். ஏழு பேரு தின்ன எலையாம். ரெண்டு நாளைக்குள்ள எறங்குவானுவன்னு அவளுக்குத் தோணுதாம்." இறங்கினார்கள். அதற்கடுத்த தடவையும் அவள் சொன்னபடியே நடந்தது.

மூன்றாம் தடவை நான் புழக்கடையில் காத்திருந்து அவளிடம் நேரில் பேசினேன். விறகை இறக்கி வைத்துவிட்டுச் சும்மாட்டை உதறிக்கொண்டு நின்றாள். வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "பயப்படாத மாடத்தி. ஒம் பேரு வெளிய வராது. சத்தியமா சொல்லுதேன்" என்றேன்.

"சத்தியமெல்லாம் வேண்டாம் ஐயா" என்றாள். "என்னெ மறந்திருங்க. அது போதும்."

அவள் சொன்ன தடங்களை வைத்து, அவர்கள் எந்த வழியாக இறங்குகிறார்கள், எந்த ஓடையைத் தாண்டித் திரும்புகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் இறங்குகிற நேரத்தில் எனக்குச் செய்தி வரவேண்டுமே. அடிவாரத்திலிருந்து ஸ்டேஷனுக்கு ஆள் ஓடிவந்தால் அந்த ஆள் யார் என்று மலையிலிருந்தே தெரியும். இந்தத் தடவை யாரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை. கந்தையா வீட்டுக்கு நானே போனேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து சுவரோரம் நின்றார்கள். யாரும் தனியாகச் சொல்ல வேண்டாம், எல்லோரும் சேர்ந்து ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். கந்தையாவின் மனைவி உள்ளேயிருந்து குத்தலாகச் சொன்னாள்: "நாங்க என்னத்தச் செய்ய? பொம்பளையளுக்கு வயல்ல நின்னு குலவ போடத்தான் தெரியும்." சுவரோரத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். அது கார் நடவு நேரம். அடிவாரத்திலிருந்து ஊர் வரைக்கும் வயலுக்கு வயல் பெண்கள் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். நடவு வயலில் குலவைச் சத்தம் எழுந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? முதல் வயல் மூன்று தடவை குலவையிட்டால் அடுத்த வயல் வாங்கிக்கொள்ளும். அப்படியே ஸ்டேஷன் வரை வந்துவிடும். முதலில் போட்டவள் யார் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த யோசனை என்னுடையது என்றுதான் பின்னால் ரிப்போர்ட்டில் எழுதினேன். அது கந்தையாவின் மனைவியுடையது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு உச்சிவேளையில் அது வந்தது. நான் டைரி எழுதிக்கொண்டிருந்தேன். தூரத்தில் கொசு ரீங்காரம் மாதிரி ஆரம்பித்து, வயல் வயலாகத் தாவி, ஸ்டேஷனை ஒட்டிய வயலில் நாக்குகள் சுழல்வது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வெடித்தது. செல்லையா ஏட்டு, "ஐயா, வந்துட்டானுவ" என்று கத்திக்கொண்டு லத்தியை எடுத்தார். நாங்கள் ஓடைக்குப் போய்ச் சேரும்போது ஊர் ஆண்கள் கம்போடு அங்கே நின்றார்கள். மண்வெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தவர்கள் பாதிப்பேர். மூன்று பேரைப் பிடித்தோம். மந்தை முழுக்கத் திரும்பியது. கங்காணியும் மற்றவர்களும் பாறையேறித் தப்பிவிட்டார்கள். அன்றைக்கு ஊர்க்காரர்கள் என் தோளில் கை போட்டுப் பேசினார்கள். முத்தையா, போலீஸ்காரனுக்கு அது எப்படிப்பட்ட போதை என்பதை நீ இனிமேல்தான் தெரிந்துகொள்வாய்.

அடுத்த வாரம் டி.எஸ்.பி. வந்தார். கோவில் முன்னால் ஊரைக் கூட்டி எனக்கு மாலை போட்டார்கள். அவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "அவ்வளவு கச்சிதமாக ஓடைக்கரையில் எப்படிய்யா போய் நின்றாய்? தடம் யார் சொன்னது?" என்றார். ஊர் சொன்னது என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்காகத்தான் குலவையே ஏற்பட்டது. அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தின் ஓரமாக மாடத்தி விறகுக்கட்டோடு போய்க்கொண்டிருந்தாள். எனக்கு மாலை, அவளுக்கு ஒன்றுமில்லையே என்று ஒரு கணம் தோன்றியது. பல வருஷம் அந்த ஒரு கணத்தைத்தான் எனக்கு நானே காரணமாகச் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி, மற்றவர்களுக்கு வாய்க்காத ஒரு ஆள் எனக்கு வாய்த்திருக்கிறது என்று மேலதிகாரிக்குக் காட்டும் ஆசை. "மாடத்தி, இங்க வா" என்று கூப்பிட்டேன். "எல்லாம் இவ சொன்னதுதான் சார்."

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவள் நின்றாள். என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியவில்லை. பிறகு கட்டோடு நடந்து போய்விட்டாள். "கூச்சப்படுகிறாள்" என்று சிரித்தார் டி.எஸ்.பி. நானும் சிரித்தேன்.

ஒன்பது நாள். குற்றாலத்தில் விறகு போட்டுவிட்டுப் பொழுதோடு திரும்பிக்கொண்டிருந்தவளைத் தோப்புப் பாதையில் மறித்து, வலது தோளுக்குக் கீழே இரண்டு வெட்டு வெட்டிவிட்டுப் போனார்கள். உயிரை எடுக்கவில்லை. மற்றவர்கள் பார்க்கட்டும் என்று விட்டார்கள். மாட்டுவண்டியில் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கை தப்பியது, ஆனால் நரம்பு போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தக் கை அரிவாளைப் பிடிக்கவில்லை. நான் வார்டு வாசல் வரை போனேன். உள்ளே விட வேண்டாம் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். "ஒங்க மேல எனக்குக் கோவம் இல்லம்மா. அவிய மட்டும் வரவேண்டாம். மூஞ்சியப் பாத்தா ஏதாவது சொல்லிருவேன்" என்றாளாம். உன் அம்மா அதை என்னிடம் அப்படியே சொன்னாள். அதோடு உன் அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நீதான் எங்களுக்கு நடுவில் ஓடினாய். "அப்பாட்ட சோறு எடுத்து வச்சிருக்குன்னு சொல்லு." "அம்மாட்ட எனக்கு வேண்டாம்னு சொல்லு." பெரியவனான பிறகு ஒருநாள், நாங்கள் எதற்காக அப்படி இருந்தோம் என்று கேட்டாய். வீட்டில் ஆயிரம் இருக்கும் என்று மழுப்பினேன். இதுதான் அது.

எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. முச்சந்தியில் டீக்கடை வைத்திருந்த இசக்கிமுத்து, வெளியூர் ஆட்கள் இரண்டு பேரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததாக ஒரு பேச்சு என் காதுக்கு வந்தது. அது போதும் என்று ஆகிவிட்டது. அவனை ஸ்டேஷனுக்கு இழுத்து வந்தேன். "நான் அன்னிக்கு எம் மாமனாரு வீட்டுல இருந்தேன் ஐயா, இலத்தூர்ல கேட்டுப் பாருங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கேட்டுப் பார்க்க அரை நாள் போதும். நான் கேட்கவில்லை. செல்லையா ஏட்டு இரண்டு தடவை உள்ளே வந்து, "போதும்யா" என்றார். இரண்டு கையும் வீங்கும்வரை அடித்தேன். மறுநாள் இலத்தூரிலிருந்து அவன் மாமனார் நாலு பேரோடு வந்து நின்றபோதுதான் விட்டேன். அடிக்கிறபோதே அவன் இல்லை என்று எனக்குத் தெரியும் என்பதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவனை விட்ட மறுநாள், ஊரின் கடைசி நடவு நடந்துகொண்டிருந்தபோது, கங்காணியின் ஆட்கள் மறுபடி இறங்கினார்கள். உச்சிவேளைதான். வயல்களில் பெண்கள் இருந்தார்கள். அவர்கள் பார்க்கும்படியாகவே மாடுகளை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் ஸ்டேஷனில் அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. மறுநாள் காலையில் தெரிந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய், "ஏன் குலவ போடல?" என்று கத்தினேன். ஒருத்தியும் தலை நிமிரவில்லை. நாற்றை நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்து போனார்கள். கந்தையாவின் மனைவி மட்டும் குனிந்தபடியே, "நாக்கு சொளுக்கிக்கிட்டு ஐயா" என்றாள். வரப்பில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அந்த ஊரில் எனக்கு இருந்ததெல்லாம் அந்தச் சத்தம்தான். அதை நானே அடைத்துவிட்டேன்.

மறுநாள் காலை, ஆட்கள் நிறைந்திருக்கும் நேரம் பார்த்து இசக்கிமுத்து கடைக்குப் போனேன். தொப்பியையும் லத்தியையும் ஸ்டேஷனில் வைத்துவிட்டுத்தான் போனேன். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். "நீ தப்பு செய்யலன்னு தெரிஞ்சிதான் அடிச்சேன் இசக்கி. எல்லார் முன்னாலயும் சொல்லுதேன். எம் மேல தப்பு" என்றேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் வீங்கிய கையால் டம்ளரை நகர்த்திக்கொண்டு, "இத எம் பொண்டாட்டிட்ட சொல்லுங்க. மூணு நாளா எனக்கு அவதான் சோறு ஊட்டுதா" என்றான். உள்ளே போனேன். அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவளிடம் அதையே மறுபடி சொன்னேன். கடையில் சொன்னதைவிட அங்கே சொல்வது கஷ்டமாக இருந்தது. அவள் ஊதுகுழலைக் கீழே வைக்காமல் கேட்டாள். "சரி. போங்க" என்றாள். அவ்வளவுதான். மன்னித்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

அன்று சாயந்திரம் நடந்ததை நடந்தபடி எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். மாடத்தி பெயரை நான் சபையில் சொன்னது, இசக்கிமுத்துவை அடித்தது, இரண்டையும். அதனால்தான் எனக்குப் பதவி உயர்வு வரவில்லை. ஒரு அதிகாரிக்கு என்னைக் கண்டால் ஆகாது, அவன்தான் என்னைக் கெடுத்தான் என்று உன்னிடமும் உன் மாமாக்களிடமும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நீயும் பெயர் தெரியாத அந்த ஆளை இத்தனை வருஷமாக வெறுத்திருக்கிறாய். அப்படி ஒரு ஆளே கிடையாது. என்னைக் கெடுத்தவன் நான்தான். பரீட்சைக்குப் படிக்கும்போது, "ஒங்கள அமுக்குனவனுக்கு மேல போயிக் காட்டுதேம்ப்பா" என்று நீ சொன்னபோதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு நீ காக்கி போட வேண்டாம் என்றுதான் இதை முக்கியமாக எழுதுகிறேன்.

ஊர் திரும்பியது என்னால் அல்ல. மாடத்தி, கையைத் தூளி போலக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். வெளியூரில் தங்கையிடம் போய்விடச் சொல்லி உன் அம்மா எவ்வளவோ கெஞ்சினாள், போகவில்லை. வேலை செய்ய முடியாவிட்டாலும், களையெடுக்கிற பெண்களோடு தினமும் அடிவாரத்து வயலுக்குப் போய் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் உச்சிப்பொழுதில் கங்காணி மிச்சமிருந்த மூன்று பேரோடு இறங்கினான். களையெடுப்பில் குலவை போடும் வழக்கம் கிடையாது. போட்டால், எதற்குப் போடுகிறார்கள், யார் போடுகிறார்கள் என்று மலை வரைக்கும் தெரியும். அவன் அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். எழுந்து நின்று, அவன் முகத்துக்கு நேராகக் குலவையிட்டாளாம். ஒரு தடவை தனியாகத்தான் கேட்டதாம். இரண்டாவது தடவை, கந்தையாவின் மனைவி சேர்ந்துகொண்டாள். மூன்றாவது தடவை அது எனக்கே கேட்டது.

நாங்கள் போவதற்குள் ஊர் முடித்துவிட்டது. கூட வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். கங்காணியை மாட்டுக்கயிற்றால் கட்டிச் சேற்றில் போட்டிருந்தார்கள். தலையில் ரத்தம். கந்தையா நொண்டிக்கொண்டே அரிவாளோடு அவன் தலைமாட்டில் நின்றான். நான் நடுவில் போய் நின்றேன். "வெலகுங்க ஐயா. ஒங்களாலயும் ஆவல, ஒங்க கோர்ட்டாலயும் ஆவல" என்றான் கந்தையா. இடுப்பில் ரிவால்வர் இருந்தது. அதில் கை வைத்தால் யாரைச் சுடுவது? மாடுகளைக் காப்பாற்றியவர்களையா? செல்லையா ஏட்டு என் பக்கத்தில் நின்றார். மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. வெட்டினால் நீயும் ஜெயிலுக்குப் போவாய் என்றேன். யாருக்கும் அது உறைக்கவில்லை. என் பேச்சுக்கு அந்த ஊரில் என்ன மதிப்பு மிச்சம் இருந்தது?

பெண்களை விலக்கிக்கொண்டு மாடத்தி வந்தாள். என்னைத் தாண்டிப் போய்க் கந்தையாவின் கையை இடது கையால் பிடித்தாள். "வெட்டாத அண்ணாச்சி. இவன் செத்துட்டா எங் கையப் பத்தி நான் யார்ட்ட போய்ச் சொல்லுவேன்? கோர்ட்டுல ஏறிச் சொல்லணும். எம் பேரச் சொல்லி, நாந்தான்னு சொல்லணும்." கந்தையா அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். பிறகு அரிவாளை ஓடைப் பக்கம் வீசிவிட்டு, வரப்பில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். நான் கங்காணியைத் தூக்கி நிறுத்தி, அவனைச் சுற்றி நாலு கான்ஸ்டபிள்களையும் நிற்க வைத்து, ஒரு கை அவன் மேல் படாமல் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். என் சர்வீஸில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அந்த ஒரு மைல் நடைதான் என்று நினைக்கிறேன்.

தென்காசிக் கோர்ட்டில் முதல் விசாரணை வந்த அன்று மருதடியே கிளம்பி வந்தது. இசக்கிமுத்து கடையைப் பூட்டிவிட்டு வந்தான். கூண்டில் ஏறியவளிடம் பெயரைக் கேட்டார்கள். "மாடத்தி" என்றாள். அந்தக் கட்டடத்துக்கே கேட்டது. பிறகு திருநெல்வேலி செஷன்ஸ் கோர்ட்டிலும் போய்ச் சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல், போலீஸ்காரன் சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாயா என்று கேட்டார். "அவிய சொல்லிக் குடுத்தா நான் கேப்பேனா?" என்றாள். கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். கங்காணிக்கு நீண்ட தண்டனை கிடைத்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா என்னைப் பார்த்து, "சாப்பிட வாங்க" என்று நேராகச் சொன்னாள். நீ பக்கத்தில் இருந்தாய். இனி தூது போக வேண்டாம் என்று உனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம்.

அங்கே போய் நீ எப்படி வேலை செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, முத்தையா. ஊர் பயந்துதான் கிடக்கும். உன்னிடம் எட்டுப் பேர் இருந்தாலும், எண்பது பேர் இருந்தாலும், அந்தக் களத்துக்குக் காவல் இருக்கப்போகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். அவர்கள் பேசுகிற வரைக்கும் காத்திருக்க உனக்குப் பொறுமை வேண்டும். மேலே இருப்பவர்கள் அதற்கு உன்னை விடமாட்டார்கள், தினமும் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும். யாராவது ஒருத்தி உன்னை நம்பி ஒரு வார்த்தை சொன்னால், அது அவள் உயிர். உனக்கு மாலை விழுகிற அன்றைக்கு அதை மறந்துவிடாதே. கோபம் வருகிற அன்றைக்கு ஸ்டேஷனை விட்டு வெளியே போய் நட. நான் இப்போது நடப்பதுபோல. அப்போது நடந்திருக்க வேண்டும்.

போன வாரம் குற்றாலம் போயிருந்தேன். குளிக்கப் போவதாகத்தான் அம்மாவிடம் சொன்னேன். மாடத்தி இப்போது சீசனுக்கு அருவிக்குப் போகிற பாதையில் மங்குஸ்தான் விற்கிறாள். இடது கையாலேயே எல்லாம். தலை நரைத்துவிட்டது. எத்தனையோ வருஷம் கழித்து அவள் முன்னால் போய் நின்றேன். யார் என்று உடனே தெரிந்துகொண்டாள். உன்னைத்தான் முதலில் கேட்டாள்.

"போலீஸ்ல சேந்துட்டான் மாடத்தி. சப்-இன்ஸ்பெக்டர்."

பழத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "எந்த ஊருக்குப் போறான்?"

"திருவேங்கடம் பக்கம்."

துடைத்த பழத்தைக் கூடையில் வைத்தாள். "அங்கன எனக்கு ஒருத்தரையும் தெரியாதே" என்றாள்.

"எதுக்கு?"

"பாத்துப் பேசுங்கன்னு முன்கூட்டியே சொல்லி வைக்கத்தான்."

சிரிக்கவில்லை, முத்தையா. கோபத்திலும் சொல்லவில்லை. நாலு பழத்தை எடுத்து, "புள்ளைக்குக் குடுங்க" என்று என் பையில் போட்டாள். அன்று நீ நன்றாக இருக்கிறது என்று தின்றாயே, அந்தப் பழம்தான்.  பஸ்ஸில் ஏறி உட்கார முடியாமல் தென்காசி வரை நின்றுகொண்டே வந்தேன்.

அந்த ஊரில் எனக்கும் ஒருத்தரையும் தெரியாது. உன்னை மட்டும்தான் தெரியும். அதனால்தான் உனக்கு எழுதினேன்.

அப்பா